மாஸம் ஊரின் இரண்டு பீர் ஆலைகள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம். அதில் ஏற்கெனவே பதினோரு கட்டுரை கையில் இருக்கு!" ஆகவே வேறு யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்பும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பீர் ஆலை சரித்திரம்.

முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் பதற வேண்டாம். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. வேலை நிமித்தம் லீட்ஸ் நகரில் ஒன்றரை வருஷம் இருந்தபோது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட கதை இது. இதில் கெமிக்கல் இன்ஜினியரிங் உண்டு, மெக்கானிக்கல் உண்டு, கொஞ்சம் கம்பெனிச் சட்டமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொருளின் பெயர், அது பிறந்த இடம், அதைச் செய்யத் தெரிந்த கை, இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி உண்டு. நம்மில் பலர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே விசிட்டிங் கார்டில் கம்பெனி பெயர் இரண்டு மூன்று தடவை மாறியதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கதை சுலபமாகப் புரியும்.

ஊரும் பெயரும்

ஊர் வடக்கு யார்க்‌ஷயரில், யூர் நதிக்கரையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'ஹெச்' வரும். ஆனால் ஊர்க்காரர்கள் அதை வாயில் விடுவதில்லை, 'மாஸம்' என்றுதான் சொல்வார்கள். 'மாஷாம்' என்றால் வெளியூர்க்காரன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிய சந்தைத் திடல், சுற்றிலும் கல் வீடுகள், அதற்கப்பால் மேய்ச்சல் நிலங்கள், நிறைய ஆடுகள். இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு செம்மறியாட்டு இனம் கூட உண்டு. ஆடு என்பதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

1827ல் ராபர்ட் தியாக்ஸ்டன் என்பவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 'பிளாக் புல்' என்ற விடுதியையும் அதன் பீர்க் கொட்டகையையும் குத்தகைக்கு எடுத்தார். சில வருஷங்களில் கூட்டாளி விலக, தொழில் முழுவதும் ராபர்ட்டின் கைக்கு வந்தது. 1875ல் அவருடைய மகன் தாமஸ் 'பாரடைஸ் ஃபீல்ட்ஸ்' என்ற இடத்தில் புது ஆலை கட்டினார். சொர்க்க வயல்! பீர் ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்குமா?

அதே ஊரில் லைட்ஃபுட் என்ற இன்னொரு குடும்பமும் பீர் ஆலை நடத்தி வந்தது. ஒரு சின்ன ஊரில் இரண்டு ஆலைகள். 1919ல் தியாக்ஸ்டன் கம்பெனி லைட்ஃபுட் ஆலையை வாங்கி, போட்டியை முடித்துவைத்தது. முடித்துவைத்ததாக நினைத்தது என்று சொல்வதுதான் சரி.

வட்டமான சதுரம்

இந்த இடத்தில் பீர் எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, பிறகு சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். அதை நொறுக்கி ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் ஊறவைத்தால், முளைவிடும்போது உண்டான என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்க வைப்பார்கள். கசப்பும் வாசனையும் அந்தப் பூவிலிருந்து வருபவை. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் தரும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்த யாருக்கும் நொதித்தல் பற்றித் தனி வகுப்பு தேவையில்லை.

யார்க்‌ஷயர்க்காரர்கள் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு தனிப் பாத்திரமே கண்டுபிடித்தார்கள். பெயர் 'யார்க்‌ஷயர் ஸ்கொயர்'. கல்லால் செய்த சதுரத் தொட்டி. பெரும்பாலும் சிலேட்டுக் கல், ஆம், நாம் ஒண்ணாங்கிளாஸில் பல்பம் வைத்து எழுதினோமே, அதே கல்தான். தொட்டியில் இரண்டு தட்டு உண்டு. நடுவில் உள்ள தளத்தில் ஒரு ஆள் இறங்கும் அளவுக்குத் துவாரம், துவாரத்தைச் சுற்றிச் சின்ன விளிம்பு. கீழ்த்தட்டில் பீர் நொதிக்கும்போது ஈஸ்ட் நுரையாகப் பொங்கித் துவாரம் வழியே மேல்தட்டுக்கு ஏறும். நுரையோடு கூட ஏறிய பீர் குழாய் வழியாகக் கீழே திரும்பிவிடும். ஈஸ்ட் விளிம்புக்கு வெளியே மேலேயே தங்கிவிடும். அவ்வளவுதான் வடிகட்டி! மோட்டார் இல்லை, ஃபில்டர் துணி இல்லை. நுரை மேலே போகும், திரவம் கீழே வரும் என்ற ஒரே தத்துவத்தை வைத்து, பிரிக்கும் வேலையைப் பாத்திரமே செய்துகொள்கிறது. இடையிடையே பீரை அடியிலிருந்து பம்ப் செய்து மேலே தெளித்து, ஈஸ்ட் தூங்கிப்போகாமல் தட்டி எழுப்புவார்கள்.

பிற்காலத்தில் இதே அமைப்பைத் துருப்பிடிக்காத எஃகில் செய்தபோது, சுத்தம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று வட்டமாகச் செய்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. ஆக, மாஸம் ஊரில் வட்டமான சதுரம் உண்டு. கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கவும்.

நொதித்த பீரை அப்படியே பீப்பாயில் அடைத்து அனுப்புவதுதான் பழைய இங்கிலாந்து முறை. பீப்பாய்க்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். பப்பின் நிலவறையில் 12 டிகிரி அளவில் வைத்து, பக்குவம் பார்த்துத் திறந்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். 9 காலன் பீப்பாய்க்கு ஃபிர்க்கின் என்று பெயர், 18 காலன் என்றால் கில்டர்கின், 36 காலன்தான் 'பேரல்', அதாவது சுமார் 164 லிட்டர். நிலவறையிலிருந்து மேலே ஏற்றுவது கைப்பம்ப். அந்தப் பம்ப்புக்கு 1797ல் பேடன்ட் வாங்கியவர் யார் தெரியுமா? ஜோசப் பிராமா. ஹைட்ராலிக்ஸ் லேபில் 'பிராமா பிரஸ்' என்று படம் போட்டு மார்க் வாங்கினோமே, அவரேதான்! அந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு அவர் பேடன்ட் வாங்கியது 1795ல். அவரும் யார்க்‌ஷயரில் பிறந்தவர்தான்.

குடியைத் தண்டித்த நீதிமன்றம்

தியாக்ஸ்டன் பீர்களில் உலகப் புகழ் பெற்றது 'ஓல்ட் பெக்யூலியர்'. கறுப்பு கலந்த சிவப்பு நிறம், 5.6 சதவீத ஆல்கஹால். லேபிளில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலரும் அச்சுப்பிழை என்பார்கள். பிழை இல்லை. அது ஒரு பழைய சர்ச் சட்டச் சொல்.

12ம் நூற்றாண்டில் ரோஜர் டி மவ்ப்ரே என்ற பிரபு மாஸம் தேவாலயத்தை அதன் வருமானத்தோடு யார்க் பேராலயத்துக்கு எழுதிவைத்தார். யார்க்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நிர்வாகம் பார்ப்பது சிரமம் என்பதால், வழக்கமான சர்ச் அதிகாரிகளின் ஆளுகையிலிருந்து ஊருக்கு விலக்கு கிடைத்தது. அப்படித் தனி அதிகாரம் பெற்ற பகுதிக்குப் பெயர்தான் 'பெக்யூலியர்'. ஊருக்கென்று தனி நீதிமன்றம் வந்தது. கோயிலுக்கு வராதவன், சண்டை போட்டவன், குடித்துவிட்டு ஆடியவன் எல்லோரையும் அது விசாரித்துத் தண்டித்தது. அந்த நீதிமன்றத்தின் முத்திரையைத்தான் தியாக்ஸ்டன் கம்பெனி தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. குடிகாரர்களைத் தண்டித்த கோர்ட்டின் பெயரில் ஒரு காட்டமான பீர்! யார்க்‌ஷயர்க்காரர்களின் நகைச்சுவை இப்படித்தான், சிரிக்காமல் சொல்வார்கள்.

வளர்ச்சி தந்த வினை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பெரிய பீர் கம்பெனிகள் சின்னவற்றை வரிசையாக விழுங்கின. வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தத்தில் உலோக உருளையில் அடைத்த 'கெக்' பீர் எல்லா இடத்திலும் பரவியது. கெடாது, பக்குவம் பார்க்க ஆள் வேண்டாம், எங்கே குடித்தாலும் ஒரே ருசி. அதுதான் குறையும் என்று நினைத்த நான்கு இளைஞர்கள் 1971ல் ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். 'காம்ரா' என்ற அந்த இயக்கம் பீப்பாய் பீருக்காக நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. திடீரென்று தியாக்ஸ்டன் போன்ற சிற்றூர் ஆலைகளுக்கு மவுசு வந்தது. லண்டன்காரர்களும் ஓல்ட் பெக்யூலியர் கேட்டார்கள்.

மாஸம் ஆலையோ சின்னது. என்ன செய்வது? 1974ல் வடமேற்கே ஸ்காட்லாந்து எல்லையருகே கார்லைல் நகரிலிருந்த ஆலையை வாங்கினார்கள். அந்த ஆலைக்கும் ஒரு விசித்திரமான ஜாதகம் உண்டு. முதல் உலகப் போரின்போது பக்கத்திலுள்ள கிரெட்னாவில் பிரம்மாண்டமான வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. சம்பளப் பணத்தோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாலையில் கார்லைல் பப்புகளில் குவிந்தார்கள். குடி வெடிமருந்தைக் கெடுக்கும் என்று பயந்த அரசாங்கம், 1916ல் அந்த வட்டாரத்தின் பப்புகளையும் பீர் ஆலைகளையும் தானே எடுத்துக்கொண்டது. போர் 1918ல் முடிந்தது. அரசாங்கம் பீர் காய்ச்சுவதை நிறுத்த 1970களின் தொடக்கம் ஆகிவிட்டது! தற்காலிகம் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே அகராதிதான் போலிருக்கிறது.

கார்லைல் ஆலை தியாக்ஸ்டனுக்கு இடம் கொடுத்தது, கூடவே பாரத்தையும் கொடுத்தது. சின்னக் குடும்பக் கம்பெனியால் தாங்க முடியவில்லை. பங்கு விஷயத்தில் குடும்பத்துக்குள்ளேயே பிளவு வந்தது, நிர்வாகம் குடும்பத்தின் கையைவிட்டு நழுவியது. 1984ல் பிளாக்பர்ன் நகரின் மேத்யூ பிரவுன் கம்பெனி தியாக்ஸ்டனை வாங்கியது. 1987ல் அந்த மேத்யூ பிரவுனையே ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற ராட்சதக் கம்பெனி வாங்கியது. சின்ன மீனைப் பெரிய மீன், பெரிய மீனைத் திமிங்கலம். அதே வருஷம் கார்லைல் ஆலை மூடப்பட்டது. பிறகு தியாக்ஸ்டன் பெயரில் விற்ற பீரில் பெரும்பகுதி நியூகாசில் நகரில் காய்ச்சப்பட்டது. லேபிளில் அதே பெயர், அதே முத்திரை. ஊர் மட்டும் வேறு.

சட்டப்படி இதில் தப்பு ஒன்றும் இல்லை. பணம் கொடுத்தவர் பெயரை வாங்கினார், பெயரை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம்.

கறுப்பு ஆடு

இப்போது ஆட்டுக்கு வருவோம். குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறையான பவுல் தியாக்ஸ்டன் இளம் வயதிலேயே கம்பெனிப் பொறுப்புக்கு வந்தவர். ராட்சதக் கம்பெனியின் கீழ் மேனேஜராக இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை, விலகிவிட்டார். தெரிந்ததோ ஒரே தொழில். ஆனால் தன் குடும்பப் பெயரைத் தன் பீருக்கே வைக்க முடியாது, அது விற்கப்பட்டுவிட்டது! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்கள் இனிஷியலை நீங்களே போட்டுக்கொள்ளக்கூடாது என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்?

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. பொதுமக்களிடம் பங்குப் பணம் திரட்டினார். மூடப்பட்ட பழைய ஆலைகளிலிருந்து தொட்டிகளும் சிலேட்டுக் கல் சதுரங்களும் வாங்கினார். இடம்? 1919ல் தியாக்ஸ்டன் வாங்கி ஒழித்த லைட்ஃபுட் ஆலையின் பழைய மால்ட் கொட்டகை சும்மா கிடந்தது. அதிலேயே 1992ல் புது ஆலை ஆரம்பித்தார். பெயர் 'பிளாக் ஷீப்', கறுப்பு ஆடு. ஆட்டுச் சந்தை ஊருக்கும் பொருத்தம், குடும்பத்திலிருந்து விலகி நின்றவருக்கும் பொருத்தம்.

அந்த நேரமும் கூடிவந்தது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பெரும்பாலான பப்புகள் பீர் கம்பெனிகளுக்கே சொந்தமாக இருந்தன, சொந்தக் கம்பெனி பீரைத்தான் அங்கே விற்க முடிந்தது. 1989ல் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. 2000க்கு மேல் பப் வைத்திருக்கும் கம்பெனிகள் அந்த உபரியில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும், மற்ற பப்புகளில் வேறு ஆலையின் பீப்பாய் பீர் ஒன்றையாவது விற்க அனுமதிக்க வேண்டும். பூட்டியிருந்த கதவில் ஒரு இடுக்கு விழுந்தது. கறுப்பு ஆடு அதன் வழியே புகுந்துவிட்டது. நல்ல பொருள் மட்டும் போதாது, அது நுழையக் கதவும் வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அவர்களுடைய காட்டமான பீர் ஒன்றின் பெயர் 'ரிக்வெல்டர்'. பழைய நார்ஸ் மொழியிலிருந்து யார்க்‌ஷயர் வட்டார வழக்குக்கு வந்த சொல் அது. மல்லாக்க விழுந்து, தானாக எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் ஆடு என்று அர்த்தம். அதைக் குடித்தவர் நிலைமைக்கும் அதுவே அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த பெயர்

2003ல் கதை இன்னொரு தடவை திரும்பியது. தியாக்ஸ்டன் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சகோதரர்கள், சைமன், நிக், டிம், எட்வர்ட், ராட்சதக் கம்பெனியிடமிருந்து தியாக்ஸ்டன் ஆலையைத் திரும்ப வாங்கினார்கள். குடும்பப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பெயர் வந்த வேகத்தில் பீர் ஊர் திரும்பவில்லை, மாஸம் ஆலையின் கொள்ளளவு போதாது. அதிகம் விற்கும் 'பெஸ்ட் பிட்டர்' இன்னும் சில வருஷம் வெளியாலையில்தான் காய்ச்சப்பட்டது. ஆலையை விரிவாக்கிய பின் 2009ல்தான் அந்தப் பீப்பாய் பீர் மாஸம் திரும்பியது. கையெழுத்துப் போட ஒரு நாள், ஸ்டீலும் பைப்பும் வால்வும் போட ஆறு வருஷம். புராஜெக்டில் வேலை பார்க்கும் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

கைத்தொழிலையும் அவர்கள் விடவில்லை. மரப் பீப்பாய் செய்யும் ஆசாரியை ஆலையிலேயே வேலைக்கு வைத்திருப்பது இங்கிலாந்தில் அபூர்வமாகிவிட்ட வழக்கம், தியாக்ஸ்டன் அதைத் தொடர்ந்தது. பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. ஓக் பலகைகளைச் சூடு காட்டி வளைத்து, இரும்பு வளையத்தால் இறுக்கி, ஒரு சொட்டு ஒழுகாமல் செய்ய வேண்டும். டாலரன்ஸ் எல்லாம் கண்ணிலும் கையிலும்தான்.

பிற்பாடு அவர்கள் விட்ட ஒரு பீரின் பெயர் என்ன தெரியுமா? 'லைட்ஃபுட்'. முன்னோர் விலைக்கு வாங்கி ஒழித்த எதிரியின் பெயர்! நூறு வருஷம் போனால் பகையும் பாரம்பரியம் ஆகிவிடுகிறது. ஓல்ட் பெக்யூலியர் பெயரில் 2005 முதல் சிறந்த துப்பறியும் நாவலுக்கு ஆண்டுதோறும் பரிசும் கொடுத்து வருகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் காற்று மாறியது. கொரோனாவுக்குப் பின் பப் வியாபாரம் சுணங்கி, செலவுகள் ஏறி, 2023ல் பிளாக் ஷீப் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது. பிரியல் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. ஆரம்பத்தில் நம்பிப் பங்கு போட்ட சிறு முதலீட்டாளர்களுக்குப் பணம் திரும்பவில்லை. பெயர் இல்லாமல் ஆரம்பித்தவர் முப்பது வருஷத்தில் ஒரு பெயரை உண்டாக்கினார், அந்தப் பெயரும் விலைக்குப் போனது. 1984ல் ஒரு குடும்பம் பட்டதை 2023ல் அதே தெருக்கோடியில் இன்னொரு ஆலை பட்டது.

கணக்கு எப்படி முடிகிறது?

நல்லவன் ஜெயித்தான், ராட்சதன் தோற்றான் என்று சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் நடந்தது அப்படி இல்லை. தியாக்ஸ்டனைக் கைமாற வைத்தது அதன் தோல்வி அல்ல, அதன் வெற்றி. கேட்பவர் பெருகியதால்தான் தாங்க முடியாத ஆலையை வாங்கினார்கள். பிளாக் ஷீப்பின் பீர் மோசமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, காலமும் செலவும்தான் எதிராகப் போயின.

ஆனாலும் இரண்டு தடவையும் ஒன்று மிச்சமிருந்தது. பவுல் வெறுங்கையோடு வெளியே வந்தபோது, பெயர் இல்லை, ஆலை இல்லை. தொட்டியில் நுரை எப்போது ஏறும், எப்போது தட்டி எழுப்ப வேண்டும் என்ற அறிவு கூடவே வந்தது. அதை எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க முடியவில்லை. நான்கு சகோதரர்கள் பெயரை மீட்டபோது, அந்தப் பெயருக்கு அர்த்தம் கொடுக்க மாஸம் ஆலையில் தொழில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த 19 வருஷமும் அங்கே ஓல்ட் பெக்யூலியர் காய்ச்சத் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் போயிருந்தால், வாங்கியது வெறும் ஸ்டிக்கராக இருந்திருக்கும்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு அதனால்தான் இதை எழுதினேன். நீங்கள் சேரப்போகும் கம்பெனியின் பெயர் மாறும், சில சமயம் ஊரும் மாறும். ஒரு பொருளை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே செய்யத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் மூத்த ஃபிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் ரிட்டயர் ஆவதற்குள். சீனியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாராவது கேட்டால் சொல்லிக் கொடுங்கள்.

மாஸம் பக்கம் போகிறவர்கள் இரண்டு ஆலைகளையும் நடந்தே பார்த்துவிடலாம், நடுவே சில நிமிஷ நடைதான். குடிக்காதவர்களுக்குச் சந்தைத் திடலில் டீ கிடைக்கும். ஊர்ப் பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்!